பட்டாசு விற்பனையும் நம் பிள்ளைகளின் விரல்களும்

(தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னதாகக் கூடிய தோட்டக் கிளைக் கூட்டத்தில், கிளைச் செயலாளரான தோட்டக் கிராணி ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, கிளைப் பொறுப்பாளர்களே, இருட்டோடு எழுந்து மரம் சீவி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, களைப்பையும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, தாய்மார்களே, என்னோடு பணிபுரியும் கிராணிமார்களே! 

சம்பளத்தைப் பற்றியும் பால் விலையைப் பற்றியும் தலைவர் பேசி அமர்ந்துவிட்டார். நான் பட்டாசைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். "சங்கத்துக்கும் பட்டாசுக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் கேட்பதும் என் காதில் விழுகிறது. சம்பந்தம் உண்டு ஐயா. நம்முடைய சொத்து என்ன? நிலமா, வீடா? இரண்டு கையும் பத்து விரலும்தான் சொத்து. அந்தச் சொத்துக்குச் சேதம் வரும் இடத்தில் எல்லாம் சங்கத்துக்கு வேலை இருக்கிறது.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் பிறர் குற்றத்தைப் பேச எனக்கு வாய் இல்லை.

நான்கு தீபாவளிக்கு முன்பு, லயத்துக்கு லயம் சென்று வீட்டுக்குப் பத்து வெள்ளி வசூல் செய்தவன் நான். "கடையில் தனித்தனியாக வாங்கினால் விலை அதிகம்; மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்வோம்" என்று சொன்னவனும் நான். பட்டணத்துக்குப் போனேன். உரிமம் பெற்ற கடை எது என்று நான் விசாரிக்கவில்லை. கடைத்தெருவின் பின்சந்தில் ஒருவர் காரின் பின்பெட்டியைத் திறந்து காட்டினார். விலை பாதிதான். அட்டைப்பெட்டியில் செய்தவர் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை, ரசீது இல்லை. தினமும் ஒரு கிலோ ஒட்டுப்பாலுக்குக்கூடக் கணக்கு எழுதும் நான், அன்று ரசீது கேட்கவில்லை. அந்தப் பெட்டிகளை என் வீட்டுக் கட்டிலின் அடியில் ஐந்து நாள் வைத்திருந்தேன். அந்தக் கட்டிலில்தான் என் பெண் குழந்தை உறங்கியது.

தீபாவளி விடியற்காலை எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்தி வெளியே வந்தோம். வெடித்தோம், மகிழ்ந்தோம். வெடிக்காமல் போனது ஒன்று புல்லில் கிடந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அதைப் போய் எடுத்தான். திரி அணைந்துவிட்டது என்று நினைத்தான். உள்ளே கனன்று கொண்டிருந்தது. அவனுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் போயின.

மருத்துவமனையில் டாக்டர் கேட்டார்: "எந்த வகை வெடி? உள்ளே என்ன மருந்து?" சொல்லத் தெரியவில்லை. போலீஸ் நிலையத்தில் கேட்டார்கள்: "யாரிடம் வாங்கினீர்?" பின்சந்தில் ஓர் ஆள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. பையனின் தகப்பனார் இருபது வருடமாக மரம் சீவுகிறவர். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "உளி பிடிக்கிற பிழைப்பு என்னோட போகட்டும்னுதான் கிராணி ஐயா, அவனைப் பேனா பிடிக்க வச்சேன்" என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லை நான் இன்றுவரை இறக்கி வைக்க முடியவில்லை. பையன் இப்போது இடக்கையால் எழுதுகிறான்.

தோழர்களே! அன்று முதல் எனக்கு ஒரு கேள்வி. நம் தோட்டத்துக் களஞ்சியத்தில் களைக்கொல்லி இருக்கிறது. பாலை உறைய வைக்கும் திராவகம் இருக்கிறது. இவற்றைப் பூட்டி வைக்கிறோம். எடுத்தவர் யார், எத்தனை லிட்டர், எந்தக் காட்டுக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே கொடுக்கிறோம். சிறுவன் வந்து கேட்டால் கொடுப்போமா? மாட்டோம். அப்படியிருக்க, வெடிமருந்தை மட்டும் யார் வேண்டுமானாலும், எங்கு வேண்டுமானாலும், எந்த வயதுப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் விற்கிறார்களே, இது என்ன நியாயம்?

பட்டாசுக்குள் இருப்பது விளையாட்டுப் பொருள் அல்ல. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது. கந்தகம் நமக்குப் புதிதல்ல. பால்மரம் தளிர்விடும் காலத்தில் இலைநோய்க்குக் கந்தகத் தூள் அடித்ததை மூத்த தொழிலாளர்கள் அறிவார்கள். ஆனால் காதைப் பிளக்கும் வெடிகளில் பெரும்பாலும் அலுமினியத் தூளும் பெர்குளோரேட் உப்பும் கலந்த மருந்து இருக்கும். அது கருமருந்தைவிட வேகமாகவும் கடுமையாகவும் வெடிக்கக்கூடியது. "ஒன்றும் செய்யாது" என்று குழந்தை கையில் கொடுக்கிறோமே கம்பி மத்தாப்பு, அதன் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரம் எரியும் திரி என்பது மேலுறையில் எழுதப்படாத வெடியைக் கையில் வாங்குவது, கண்ணைக் கட்டிக்கொண்டு காட்டில் நடப்பது போன்றதாகும்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1957-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் பட்டாசு செய்தாலும், இறக்குமதி செய்தாலும், விற்றாலும் சிறையும் அபராதமும் உண்டு. அண்மை ஆண்டுகளில் போலீஸ் துறையினர் பாப்-பாப், ஹேப்பி பூம் என்னும் இரு வகைகளைத்தான் விற்க அனுமதி என்று பண்டிகைதோறும் அறிவித்து வந்திருக்கிறார்கள். அந்த வகைகளை விற்கவும் உரிமம் வேண்டும். ஆனால் நோன்புப் பெருநாளுக்கும், சீனப் புத்தாண்டுக்கும், தீபாவளிக்கும் நம் காதில் விழும் சத்தம் அந்த இரண்டு வகையின் சத்தம்தானா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு ஏன் இறுகியது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். 1991-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் நாள், சிலாங்கூர் சுங்கை பூலோவில் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை பிற்பகல் நேரத்தில் தீப்பற்றி வெடித்தது. 26 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பல கிலோமீட்டர் தூரத்துக்கு நிலம் அதிர்ந்தது. மாண்டவர்களில் பலர் யார்? நம்மைப் போல் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்ப வேண்டியவர்கள். அந்த ஆண்டோடு நாட்டில் பட்டாசுக்குத் தடை இறுகியது. ஆனால் தடையால் ஆசை ஒழியவில்லை. முன்கடையில் இருந்த சரக்கு பின்சந்துக்குப் போனது. இன்று கைப்பேசியில் சொன்னால் லயத்து வாசலுக்கே வந்து சேருகிறது.

"சிங்கப்பூரில் அடியோடு ஒழித்தார்களே" என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். 1970-ஆம் ஆண்டுச் சீனப் புத்தாண்டில் அங்கே பட்டாசினால் ஆறு பேர் உயிரிழந்தார்கள். அரசு முதலில் இடமும் நேரமும் குறித்துக் கட்டுப்படுத்திப் பார்த்தது. 1972-ஆம் ஆண்டு, பட்டாசு கொளுத்தியவர்களைத் தடுக்கச் சென்ற இரண்டு போலீஸ்காரர்கள் தாக்கப்பட்டார்கள். அதே ஆண்டு முழுத் தடைச் சட்டம் வந்தது. ஆனால் அது ஒரு தீவு, ஒரே அரசாங்கம், சட்டம் இயற்றுகிறவரும் கடைக்கு உரிமம் கொடுக்கிறவரும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள்.

நம் நாட்டின் அமைப்பு வேறு. வெடிபொருள் சட்டம் கூட்டரசின் கையில். போலீஸும் தீயணைப்பு மீட்புத் துறையும் கூட்டரசின் கையில். ஆனால் ஊராட்சி, அரசமைப்புச் சட்டத்தின் 9-ஆம் அட்டவணைப்படி மாநிலத்தின் கையில். சந்தையில் கடை போட இடம் கொடுப்பதும், தற்காலிக வியாபார உரிமம் கொடுப்பதும், அந்த உரிமத்துக்கு நிபந்தனை விதிப்பதும், மீறினால் பறிப்பதும் 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி நகராண்மைக் கழகத்துக்கும் மாவட்ட மன்றத்துக்கும் உள்ள அதிகாரம். இந்த இரண்டு கைகளும் சேர்ந்து ஓசை எழுப்ப வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வருமா? போலீஸ்காரர் ஆண்டுக்கு ஒரு முறை சோதனை நடத்திச் சரக்கைப் பிடிக்கிறார். அதே வாரத்தில் கடைத்தெருவில் கூடாரம் போட்டவர் என்ன விற்கிறார் என்று மன்றத்துக்காரர் பார்ப்பதில்லை. கடைசியில் அகப்படுவது யார்? திடலில் வெடி கொளுத்திய பையன். விற்றவன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறான். தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்று நம் முன்னோர்கள் இதைத்தான் சொன்னார்கள். தும்பு இருப்பது விற்பனைக் கடையில். அங்கே பிடித்தால்தான் மாடு நிற்கும்.

விற்பனைக் கடையை எப்படிக் கட்டுப்படுத்துவது? நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நம் மூதாதையர் நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் பட்டாசில் மிகப் பெரும் பங்கு தமிழ்நாட்டுச் சிவகாசிப் பக்கம் செய்யப்படுகிறது. அங்கே 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் பண்டிகைக் காலத் தற்காலிகக் கடைகளுக்கு அளவு வகுத்திருக்கின்றன. கடைக் கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் கட்டப்பட வேண்டும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். ஒன்றையொன்று எதிர்நோக்கி இருக்கக்கூடாது. எண்ணெய் விளக்கோ, திறந்த தீயோ கூடாது. ஒரே இடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. இந்த விதிகளில் படித்தவர்க்கு மட்டும் விளங்குவது ஏதாவது உண்டா? ஒரு முழக்கயிறு இருந்தால் நாமே அளந்து பார்க்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள். 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம் என்று கூறியது. தமிழர் தீபாவளி விடியற்காலையில் அல்லவா? தமிழ்நாட்டு அரசு நீதிமன்றத்தை நாடியது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல், நேரத்தை மாநிலமே மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் அனுமதித்தது. காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று தமிழ்நாடு வகுத்துக்கொண்டது. மேலிடம் எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் மக்களின் வழக்கம் அறிந்த மாநிலம் நேரத்தைக் குறிக்கிறது. இதுதான் முறை.

விதி இருந்தால் மட்டும் போதுமா? போதாது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், கர்நாடக எல்லையில் உள்ள அத்திப்பள்ளியில், பண்டிகைச் சரக்கை இறக்கிக்கொண்டிருந்த பட்டாசுக் கடையில் தீப்பற்றியது. அன்றே 14 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பண்டிகைக் கால வேலைக்கு வந்த இளைஞர்கள். படிப்புச் செலவுக்காகச் சில வாரம் சம்பாதிக்க வந்த பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்கள் வெடி வெடித்து மகிழ வந்தவர்கள் அல்லர், கூலிக்கு நின்றவர்கள். தொழிற்சங்கக்காரனாகிய நான் இதை எப்படி மறப்பேன்? நம் பட்டணத்திலும் பண்டிகைக்கு முன் கடைகளில் நிற்பவர்கள் யார்? பள்ளி விடுமுறையில் கை செலவுக்குச் சம்பாதிக்கப் போகும் நம் பிள்ளைகள்தாம். கடை தீப்பற்றினால் முதலாளி வெளியே இருப்பார். பையன் உள்ளே இருப்பான்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். அவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"வருடம் முழுவதும் உழைக்கிறோம். ஒரு நாள் பிள்ளைகள் மகிழ்ந்தால் அதற்கும் சட்டமா?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். தாயே, அந்த மகிழ்ச்சியைப் பறிக்க நான் வரவில்லை. என் மகளும் மத்தாப்புக் கேட்டு அழுகிறவள்தான். அனுமதிக்கப்பட்ட சரக்கு, பெயர் எழுதிய பெட்டியில், பொறுப்புள்ள கடையில் கிடைக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். பணக்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தரமான சரக்கும், தோட்டத்துப் பிள்ளைக்குப் பின்சந்துச் சரக்கும் என்ற பாகுபாடு ஒழியட்டும் என்று கேட்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடினமானது. "விற்கிறவன் நம்மவன்தானே? சம்பளம் பற்றாமல் நாலு காசு பார்க்கிறான். அவன் வயிற்றில் அடிக்கலாமா?" என்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் லயத்திலேயே அப்படி விற்றவர்கள் உண்டு, இங்கேயும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பகைவராக நான் எண்ணவில்லை. ஆனால் தோழரே, சரக்கோடு அகப்பட்டால் சிறைக்குப் போகிறவர் நீர். உமக்குச் சரக்கைக் கொடுத்த மொத்த வியாபாரி அல்லர். பெட்டி வெடித்தால் எரிவது உம் வீடு. அவர் கிடங்கு அன்று. சிறு வியாபாரிக்குக் குறைந்த கட்டணத்தில் தற்காலிக உரிமம் கிடைக்கட்டும். சட்டத்துக்கு உட்பட்டு, வெளிச்சத்தில் நின்று நீர் விற்கலாம். அதைக் கேட்டுப் பெறுவதும் சங்கத்தின் கடமைதான்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன். நீங்கள் ஒப்பினால் இவை மாவட்ட மன்றத்துக்கும், மாநில அரசுக்கும், மாவட்டப் போலீஸ் தலைவருக்கும் போகும்.

ஒன்று: ஒவ்வொரு பண்டிகைக்கும் இரண்டு வாரத்துக்கு முன், உரிமம் பெற்ற பட்டாசுக் கடைகளின் பட்டியலையும், அனுமதிக்கப்பட்ட வகைகளின் படத்தையும் தமிழ், மலாய், சீன மொழிகளில் அச்சிட்டுத் தோட்ட அலுவலகத்திலும், கோயிலிலும், பள்ளியிலும், மளிகைக் கடையிலும் ஒட்ட வேண்டும்.

இரண்டு: கடைகளுக்கு இடைவெளி, மணல் வாளி, தண்ணீர், திறந்த தீக்குத் தடை ஆகிய நிபந்தனைகளை மன்றம் விதித்து, கடை திறக்கும் முன்னும் திறந்த பின்னும் வந்து பார்க்க வேண்டும். கடைக்குள் இரவில் ஆள் படுக்கக்கூடாது.

மூன்று: சிறுவர்க்கு விற்கக்கூடாது, சிறுவரை வேலைக்கு வைக்கக்கூடாது. பத்து நாள் வேலையானாலும் தொழிலாளியின் பெயர் ஏட்டில் ஏற வேண்டும். சொக்சோ பாதுகாப்பு இருக்க வேண்டும்.

நான்கு: பெட்டியில் செய்தவர் பெயரும் எச்சரிக்கையும் இல்லாத சரக்கை விற்ற கடையின் உரிமத்தை உடனே பறிக்க வேண்டும். சரக்கு எங்கிருந்து வந்தது என்று மேலே தேடிச் சென்று மொத்த வியாபாரியைப் பிடிக்க வேண்டும்.

ஐந்து: சிறு வியாபாரிக்கு உரிமக் கட்டணம் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.

இவை அரசாங்கம் செய்ய வேண்டியவை. மனுக் கொடுத்துவிட்டுக் கை கட்டி இருப்பது சங்கத்தின் வழக்கம் அல்ல. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. இந்தத் தீபாவளிக்குத் திடலில் மட்டும், பெரியவர்கள் முன்னிலையில், குறித்த நேரத்தில் கொளுத்துவோம். ஆயாக் கொட்டகைப் பக்கமும் புகைவீட்டுப் பக்கமும் வேண்டாம். வெடிக்காததை யாரும் கையால் எடுக்க வேண்டாம். தூர நின்று, நேரம் விட்டு, தண்ணீர் ஊற்றி நனைத்துவிடுவோம். சீனப் புத்தாண்டுக் காலத்தில் பால்மரம் இலை உதிர்க்கும்; காடு முழுவதும் சருகு. அப்போது காட்டோரத்தில் ஒரு பொறி விழுந்தால் எரிவது நாம் சீவும் மரம். போவது நம் வேலை நாள். அண்டை அயலாரான சீன நண்பர்களிடமும் மலாய் நண்பர்களிடமும் இதை எடுத்துச் சொல்வோம். பக்கத்து லயத்தில் வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தொழிலாளர்களுக்கும் சொல்வோம். தீ மொழி பார்த்துச் சுடுவதில்லை.

இந்த ஆண்டு வசூலுக்கு நான் மறுபடியும் வருவேன், தோழர்களே. ஆனால் இந்த முறை உரிமத்தின் எண்ணை எழுதிக்கொண்டு வருவேன். ரசீது வாங்கி அலுவலகச் சுவரில் ஒட்டுவேன். சரக்கை எந்த வீட்டுக் கட்டிலடியிலும் வைக்க மாட்டேன். உரிமமுள்ள கடை கிடைக்கவில்லை என்றால் உங்கள் பத்து வெள்ளியை அப்படியே திருப்பித் தருவேன். அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்கு முறுக்கு வாங்கிக் கொடுங்கள்.

அந்தப் பையன் இன்று இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறான். அவனை எழுந்து நிற்கச் சொல்லமாட்டேன். அவனை வேடிக்கைப் பொருளாக்க எனக்கு விருப்பமில்லை. மனுவின் நல்ல பிரதியை எழுதிக் கொடுத்தவன் அவன். இடக்கை எழுத்து, சற்றுச் சாய்ந்திருக்கும், ஆனால் தெளிவாக இருக்கிறது. மேசை மேல் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வந்து கையெழுத்திடுங்கள். எழுதத் தெரியாத தாய்மார்கள் விரல் ரேகை வைக்கலாம்.